மாப்பிள்ளை தேவையில்லாத வேடங்கள்

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் கண்ணகி என்பவள் ஒரு குடும்பஸ்தன். பகல் முழுக்க வயலுக்குத் தண்ணீர் கட்டுவார். பின்னேரம் மீசையை வழித்துப்போட்டு, மனிசியின் கூறைச்சேலையை இரவல் வாங்கி, இரவு பத்து மணிக்குப் பத்தினியாகிவிடுவார். நெஞ்சுக்குச் சிரட்டை, தலைக்குக் கொண்டை, முகத்துக்கு முத்துவெள்ளை. கோவலன் மாதவியோடு கொட்டமடிக்கிற நேரம் கண்ணகிக்குக் களரியில் வேலையில்லை. அந்த நேரம் கொட்டிலுக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். கூத்து விடிய விடிய நடப்பதால், ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் சபைக்குப் போகிற கட்டத்தில் முத்துவெள்ளைக்கு அடியில் தாடி பச்சையாகத் துளிர்த்திருக்கும். பாண்டியன் அதைக் கவனித்ததாகச் சரித்திரம் இல்லை. சனமும் கவனிக்காது. பாயில் சுருண்டு கிடக்கிற கிழவிகள் சரியாக அந்த இடத்தில் எழும்பி, அழவேண்டியதை அழுது, மூக்கைச் சிந்தி முடித்துவிட்டுக் கச்சான் உடைக்கத் தொடங்குவார்கள்.

ஏன் ஒரு பொம்பிளைப்பிள்ளையை ஆடவிடக்கூடாது என்று அந்தக் காலத்து அண்ணாவியார் எவரிடமாவது கேட்டிருந்தால், மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆர் பிறகு அவளைக் கட்டுறது?" என்றிருப்பார். எங்கள் கலை வரலாற்றில் மரபு, மடை, ஆட்ட இலக்கணம் என்று பெரிய பெயர்களில் உலாவுகிற பல விடயங்கள் கிளறிப் பார்த்தால் மாப்பிள்ளைப் பிரச்சினைதான்.

அந்தப் பிரச்சினையைத் தலைகீழாகப் புரட்டி, மாப்பிள்ளையே தேவைப்படாத வேடங்களாகப் பொறுக்கியெடுத்து, அதுக்கு ஒரு லட்சம் ரூபா சம்பளமும் வாங்கிய ஒரு மனுசி இருந்தார். கே.பி.சுந்தராம்பாள். அவருடைய கதையைத் தமிழ்நாட்டுக்காரர் கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி, வன்னியில் இருந்து கண்ணைத் திறந்து பார்த்தால் அது அருமையான பகிடிக் கதை. சிரிப்பு அவர்மேல் வராது. அவரைச் சுற்றி நின்ற ஆம்பிளைகள்மேல் வரும்.

முதலில் பெயர். 'கே' என்றால் கொடுமுடி, காவேரிக் கரையில் உள்ள ஊர். 'பி' என்றால் பாலாம்பாள், பெற்ற தாய். தகப்பன் வெள்ளென இறந்துபோனதால் முன்னெழுத்தில்கூட ஆம்பிளை கிடையாது. 1908 இல் பிறப்பு. வறுமை என்றால் சொல்லி வேலையில்லை. பிள்ளை ரயிலில் பாடிக் காசு சேர்த்தது.

அந்த ரயிலில்தான் தமிழ்நாட்டின் பெரிய போட்டி தொடங்குகிறது: இந்தக் குரலைக் கண்டுபிடித்தது யார்? திருச்சி எஃப்.ஜி.நடேசய்யர் என்று ஒரு கட்சி. அவர் ரயில்வே அதிகாரி, நாடகப் பைத்தியம், ரசிக ரஞ்சன சபாவை உருவாக்கியவர். ரயிலில் பாட்டைக் கேட்டு, தாயிடம் கேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய் மகள்போல வளர்த்துப் பழக்கினார் என்பது அந்தக் கதை. இல்லை, ஒரு பொலிஸ் அதிகாரி கேட்டுவிட்டு நாடகக் கம்பனி நடத்திய வேலு நாயரிடம் சேர்த்துவிட்டார் என்று மறு கட்சி. சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே நடந்தது என்பார்கள், பெரிய பிள்ளையான பிறகுதான் என்பார்கள். ஒன்று மட்டும் எல்லாரும் ஒத்துக்கொள்வது: அந்தப் பெட்டியில் இருந்த மற்றவர்களுக்கும் காது இருந்தது. அவர்கள் சில்லறை போட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். பிறகு பெயர் வந்ததும் அத்தனை பேரும் கண்டுபிடித்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் சின்ன வேடங்கள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழுகிற பிள்ளை. பசிக்கிற பிள்ளைக்குப் பசிக்கிற பிள்ளை வேடம் கொடுத்தது சிக்கனத்தின் உச்சம். பயிற்சிச் செலவு மிச்சம். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிற கதை. கிணற்றில் விழுவதற்குள் பாடி முடிக்கவேண்டும். கொட்டகையோ ஓலைக் கூரை, மைக் கிடையாது, முன்னால் ஆயிரம் பேர், அதில் பாதிப்பேர் சோடாவும் சுருட்டுமாக. கடைசி வரிசைக்காரன் "கேக்கேல்லை" என்று கத்தினால் அன்றைய சம்பளம் கேள்விக்குறி. அந்தக் காலத்துத் தொண்டைகள் ஏன் அப்படி இருந்தன என்று இப்போது ஆராய்ச்சி செய்கிறார்கள். காரணம் கடைசி வரிசைக்காரன்.

நாடக உலகத்தின் நிலைமையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி என்று இசை நாடகங்களை எழுதிக் குவித்த சங்கரதாஸ் சுவாமிகள், பெரிய நடிகர்களின் தொல்லை தாங்காமல் 1918 இல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து ஒரு சபை தொடங்கினார். பெடியன்கள் என்றால் சொன்னதைக் கேட்பான்கள், குடிக்கமாட்டான்கள், குரல் உடையும்வரை பெண் வேடத்துக்கும் ஆள் தேடவேண்டியதில்லை. அதற்கு முன்னமே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களையே வைத்துக் கம்பனி நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்கவென்று தனி ரயில் விட்டதாகவே பேச்சு. ஆகவே தமிழ் மேடையில் ஒரு பக்கம் மீசை வழித்த ஆம்பிளைகள் சேலையோடு, மறுபக்கம் மீசை ஒட்டிய பொம்பிளைகள் கத்தியோடு. இரண்டும் ஒரே மேடையில் சேர்ந்து, ஆம்பிளை ஆம்பிளையாகவும் பொம்பிளை பொம்பிளையாகவும் நிற்பது மட்டும்தான் ஒழுக்கக்கேடு என்று கருதப்பட்டது.

சுந்தராம்பாள் இரண்டு பக்கமும் கட்டினார். வள்ளியாகவும் வருவார், ராஜபார்ட்டாக மீசையோடும் வருவார். ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாட்டில் ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும். வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் இன்னொரு ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் முதல் சந்திப்பு. பிறகு தர்க்கம். முருகன் ஒரு கேள்வி போட, வள்ளி அதைப் பாட்டாலேயே மடக்க, சனம் கொட்டகையைப் பிரிக்கும். வாயும் தொண்டையும் பலமில்லாத முருகன் அன்றைக்குக் கலியாணம் கட்டாமலே ஊர்போய்ச் சேரவேண்டியதுதான். பாட்டு நன்றாக இருந்தால் "ஒன்ஸ் மோர்" சத்தம் எழும்பும். செத்துக் கிடக்கிற ராசாவும் எழும்பி நின்று திரும்பப் பாடிவிட்டுத்தான் திரும்பச் சாவார்.

இனி எங்கள் பக்கம். இந்த நாடகக்காரர் எல்லாருக்கும் கொழும்பு ஒரு பெரிய வருமானம். 1914 இலிருந்து போட் மெயில் என்று ஒரு ஏற்பாடு இருந்தது: சென்னையில் ரயில் ஏறித் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். அந்தப் பாதை மன்னாரைத் தாண்டி, மடு றோட் தாண்டி, செட்டிகுளத்தில் வவுனியா மாவட்டத்துக்குள் மூக்கை நுழைத்து, மதவாச்சியில் சேர்ந்து கொழும்புக்கு இறங்கும். தூத்துக்குடியில் கப்பல் ஏறாமல் போட் மெயிலில் வந்திருந்தால், தமிழ் நாடகத்தின் மிகப்பெரிய குரல்கள் எல்லாம் வன்னிக் காட்டை ஊடறுத்துத்தான் போயிருக்கும். நாங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? பன்றி வந்து நெல்லை உழக்காமல் பரணில் இருந்து காவல் காத்துக்கொண்டிருந்தோம். பன்றியை விரட்டப் பரணில் பாடுகிற பாட்டுக்கும் ஒரு மரபு உண்டு. யன்னலோரம் இருந்த யாராவது கேட்டிருந்தால், காட்டுக்குள்ளும் ஒன்றிரண்டு ஆளைக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் நடேசய்யர் அந்த லைனில் வேலை செய்யவில்லை.

சுந்தராம்பாள் கொழும்பில் ஆடிப் பாடிப் பெயர் வாங்கியிருந்தார். அங்கேதான் 1926 இல் எஸ்.ஜி.கிட்டப்பாவும் அவரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். செங்கோட்டைக் கிட்டப்பா 1906 இல் பிறந்தவர். அவர் குரல் ஏறாத உயரம் கிடையாது என்று பேர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தோடு கூடவே. கிட்டப்பாவைச் சேர்ந்தவர்கள், "அந்தப் பெண்ணோடு மேடை ஏறாதே, உன்னை விழுங்கிவிடுவாள்" என்று எச்சரித்தார்களாம். சுந்தராம்பாளைச் சேர்ந்தவர்கள், "அந்த மனுசனோடு பாடினால் உன் குரல் எடுபடாது" என்றார்களாம். இரண்டு தரப்பும் பயந்ததால் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்துப் பாட, கொழும்புச் சனத்துக்கு ஒரு ரிக்கற்றில் இரண்டு கச்சேரி. மேடையில் முருகன் வள்ளியைக் கட்டியதோடு விடயம் முடியவில்லை. 1927 இல் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கலியாணமும் செய்துகொண்டார்கள்.

முருகனுக்கு ஏற்கெனவே ஒரு தெய்வானை வீட்டில் இருந்தார் என்பது இந்த இடத்தில் சொல்லவேண்டிய சின்ன விடயம். புராணத்தில் அது பிரச்சினையில்லை. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, நடுவில் மயில். செங்கோட்டையில் அப்படி இல்லை. பிராமணக் குடும்பம், சுந்தராம்பாள் வேறு சாதி, நாடகக்காரி. கிட்டப்பா ஒரு கிழமை இங்கே, பல கிழமை அங்கே, இடையில் குடி. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிறகு அச்சில் வந்தன. மரியாதையாகத் தொடங்கும் கடிதம், போகப் போகச் சூடேறும். வள்ளி தர்க்கத்தில் தோற்றவள் இல்லையே. ஆனால் கடிதத் தர்க்கத்தில் முருகன் பெரும்பாலும் பதில் போடவில்லை. 1933 டிசம்பர் 2 இல் இருபத்தேழு வயதில் கிட்டப்பா போய்ச் சேர்ந்தார்.

இருபத்தைந்து வயது மனுசி நகையைக் கழற்றினார், வெள்ளைக் கதர்ச் சேலைக்கு மாறினார், இனி எந்த ஆம்பிளைக்கும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். பக்திமான்கள் இந்த இடத்தில் கண்ணீர் விட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பகிடி இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால், இருபத்தைந்து வயதில் கதாநாயகனை விலக்கிவைத்த ஒரு நடிகைக்கு மிச்சமிருப்பது என்ன? வேறு யாராக இருந்தாலும் ஒன்றுமில்லை. இவர் அதை வைத்தே நாற்பது வருசம் ஓட்டினார்.

மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவரைத் தேடி அசன்தாஸ் என்ற படமுதலாளி வந்தார். நந்தனார் எடுக்கவேண்டும், நீங்கள்தான் நடிக்கவேண்டும் என்றார். சுந்தராம்பாளுக்கு விருப்பமில்லை. ஆளைக் கலைக்கவேண்டும், ஆனால் மரியாதையாகக் கலைக்கவேண்டும். ஒரு லட்சம் ரூபா தந்தால் நடிக்கிறேன் என்று ஒரு போடு போட்டார். சம்பளம் என்ற பெயரில் அப்படி ஒரு தொகையை அன்று தமிழ்ப் படவுலகம் கேள்விப்பட்டதில்லை. அசன்தாஸ் 'சரி' என்றுவிட்டார். பேரம் பேசத் தெரியாத முதலாளியிடம் மாட்டிக்கொண்டால் மனுசி என்னதான் செய்வது? நடித்தார்.

நந்தனார் ஆம்பிளை. கலியாணமாகாதவர். சிதம்பரத்தைத் தவிர வேறு காதல் இல்லாதவர். விரதத்துக்குப் பங்கமில்லாத வேடம். பண்ணையார் வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர், சங்கீத உலகத்தின் பெரிய புள்ளி. 1935 இல் படம் வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டு. கதையின்படி கடைசியில் வேதியர் நந்தனின் காலில் விழவேண்டும். நிசமான பிராமண வித்துவான் நிசமான நாடகக்காரியின் காலில் விழுவதா என்று வைதிகர்கள் கொதித்தார்கள். அவர் விழுந்தது நந்தனின் காலில் என்று சொன்னால், நந்தன் அதைவிடத் தாழ்ந்த சாதி. சுந்தராம்பாளின் காலில் என்றால், அவர் பொம்பிளை. எந்தப் பக்கத்தால் போனாலும் கால் தடக்கியது.

படத்தைப் பற்றி ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் படத்தை விட அதிகம் ஓடியது. பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாகப் பாராட்டிவிட்டு, மனிதர்களை அந்த வரிசைக்குக் கீழே வைத்தார். வடக்கில் பிறந்த எங்களுக்கு இதில் ஒரு ஆட்சேபமும் கிடையாது. பனைமரத்தோடு போட்டிபோட்டு வென்ற நடிகர் எங்கள் பக்கத்திலும் இல்லை. படம் முதலாளிக்குக் காசைக் கொண்டுவரவில்லை. லட்சம் மட்டும் கொடுமுடிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது 1940 இல் மணிமேகலை. துறவி. இளவரசன் துரத்துவான், இவர் திரும்பிப் பார்க்கமாட்டார், விரதம் பத்திரம். காப்பியத்தில் மணிமேகலை மணிபல்லவத்துக்கு வருகிறாள், அதை நயினாதீவு என்று நாங்கள் சொந்தம் கொண்டாடுகிறோம். வந்தது ஆகாய மார்க்கமாக. கப்பலும் தேவையில்லை, ரிக்கற்றும் தேவையில்லை.

இதே காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் ஒருவர் போனார். யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்த கே.தவமணிதேவி. கொடுமுடிக்காரி கதர்ச் சேலையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இவர் 1941 இல் வந்த வனமோகினியில் ஹொலிவூட் பாணியில் சாரம் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு காட்டில் திரிந்தார். இங்கே ஊரில் ஆம்பிளைகள் எல்லாரும் கட்டுகிற சாரம்தான். யாரும் அதைக் கவர்ச்சி என்று சொன்னதில்லை. தமிழ்நாட்டார் சொக்கிப்போய் அவருக்குப் பட்டமும் கொடுத்தார்கள்: சிங்களத்துக் குயில். இணுவில் தமிழச்சிக்கு! பட்டம் கொடுத்தவர்களுக்கு இலங்கை பற்றி இருந்த அறிவு அவ்வளவுதான். அந்த அறிவு பின்னாளில் பெரிதாக வளர்ந்ததாகவும் சொல்லமுடியாது.

சுந்தராம்பாளின் கதர் வெறும் துக்கத்துக்கான கதர் இல்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலில் கட்சி மேடைகளில் பாடினார். சத்தியமூர்த்தி ஒரு மணித்தியாலம் இங்கிலீசிலும் தமிழிலும் முழங்கினாலும் சனம் காத்திருந்தது இந்தப் பாட்டுக்குத்தான் என்பதில் சத்தியமூர்த்திக்கே சந்தேகம் இருந்திராது. காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்த கதை ஒன்று உண்டு. சொல்கிறவருக்குச் சொல்கிறவர் கொஞ்சம் மாறும். தங்கத் தட்டில் சாப்பாடு வைத்தார்களாம். காந்தி சாப்பிட்டுவிட்டு, "சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா?" என்றாராம். தட்டையும் வாங்கி ஏலம்விட்டு நிதியில் சேர்த்துக்கொண்டாராம். அசன்தாசைக் கலைக்க லட்சம் கேட்ட மனுசியிடமிருந்து, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில் தட்டையும் கொண்டுபோன ஒரே ஆள் காந்திதான். பேரம் பேசுவதில் குஜராத்திக்காரனை வெல்ல முடியாது.

1953 இல் ஜெமினி வாசன் ஔவையார் எடுத்தார். இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. சுந்தராம்பாளுக்கு அப்போது வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. ஊன்றுகோல், விபூதி, கூன் விழுந்த நாரி. தலைநரை ஒப்பனைக்காரரின் உபயம். ஔவையாரைவிட வசதியான வேடம் தமிழில் கிடையாது. கலியாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் கேட்டுக் கிழவியானவள் அவள். கதையே மாப்பிள்ளையைத் தவிர்ப்பதுதான்! இந்த மனுசிக்காகவே சங்க காலத்திலிருந்து தைத்து வைத்திருந்த சட்டை.

படத்தில் யானைக்கூட்டம் ஒரு கோட்டையை இடித்துத் தள்ளும். சனம் கையெடுத்துக் கும்பிட்டது. ராஜாஜி மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இடி, மின்னல், யானை, அட்டைக்கோட்டை என்று அலுத்துக்கொண்டு, கல்கியும் ரசிகமணி டி.கே.சி.யும் இதைப் போய்ப் புகழ்ந்திருக்கிறார்களே என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதாவது, பதினெட்டு வருசத்துக்கு முன் இவரைப் பனைமரத்துக்குப் பின்னால் நிறுத்திய அதே கல்கி இப்போது புகழ்கிறார். சுந்தராம்பாள் மாறவில்லை. அதே உச்ச குரல், அதே கடைசி வரிசைக்காரனுக்குப் பாடுகிற பாட்டு. விமர்சகர்கள்தான் வளர்ந்திருந்தார்கள்.

ஔவையைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன முறைப்பாடு உண்டு. நாவல் மரத்தில் இருந்த மாடு மேய்க்கிற பெடியன் சுட்டபழம் வேணுமா சுடாத பழம் வேணுமா என்று கேட்டுக் கிழவியை மடக்கிய கதையை உலகம் முழுக்கப் படமாக்கிவிட்டது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையை யார் எடுத்தார்கள்? மதுரையை எரித்த சூடு ஆறாமல் நந்திக்கடல் கரைக்கு ஒரு கிழவி வந்து குந்துகிறாள். மாடு மேய்க்கிற பெடியன்களிடம் பசி என்கிறாள். பெடியன்கள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ என்கிறாள், எரிகிறது. தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்கிறாள்; பார்த்தால் தலை முழுக்க ஆயிரம் கண். பெடியன்கள் எடுத்த ஓட்டம். இண்டைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து உப்புத் தண்ணியில்தான் விளக்கு எரிகிறது. யானைகூடத் தேவையில்லாத படம். கிழவி வேடத்துக்கும் சென்னையில் ஆள் இருந்தது. நந்திக்கடலைப் பற்றி வாசனுக்குச் சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958 இல், சுந்தராம்பாளை மேலவைக்கு நியமித்தார்கள். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் திரைக்கலைஞர் என்று சொல்வார்கள். அவருக்குப் பிறகு அந்த வழியால் போனவர்களை எண்ணத் தேவையில்லை. கதவைத் திறந்துவிட்டவர் ஒரு பொம்பிளை என்பதை மட்டும் யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை.

படமும் அரசியலுமாக இருந்த இன்னொருவர் கருணாநிதி. 1964 இல் பூம்புகார் எடுத்தபோது, சமணத் துறவி கவுந்தியடிகளாக இவர்தான் வேண்டும் என்று வந்தார். மறுபடி துறவி. மறுபடி மாப்பிள்ளை இல்லை. ஆனால் சிக்கல் வேறு பக்கத்தில் இருந்தது: இவர் முருக பக்தை, காங்கிரஸ். வந்திருப்பவர் கடவுள் இல்லை என்கிற கட்சி. எப்படியோ பேசிச் சம்மதிக்கவைத்தார். கோவலன் கொலையுண்ட இடத்தில் ஒரு பாட்டு. அதில் தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கிற மாதிரி ஒரு வரி. பாடமாட்டேன் என்றுவிட்டாராம். தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று அர்த்தம் வருகிற மாதிரி மாற்றிய பிறகுதான் வாயைத் திறந்தாராம். தமிழ்நாட்டில் பின்னாளில் எத்தனையோ பேர் கருணாநிதியை வசனத்தில் வெல்லப் பார்த்துத் தோற்றார்கள். இரண்டு சொல்லை மாற்றி ஒரு நாத்திகரின் பாட்டுக்குள் கடவுளைக் கூட்டிக்கொண்டுவந்து இருத்தியவர், பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாத இந்த மனுசி. வள்ளி திருமணத்துத் தர்க்கம் வீண்போகவில்லை.

அடுத்த வருசம் திருவிளையாடலில் திரும்ப ஔவை. 1967 இல் கந்தன் கருணையில் திரும்பவும் ஔவை. கோவித்துக்கொண்டு மலையேறிய முருகனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்றால் இயக்குநர் ஏ.பி.நாகராஜனுக்கு வேறு ஆள் தெரியாது. ஒரு காலத்தில் முருகனைக் கட்டிய வள்ளி, வயசு போனதும் அதே முருகனுக்கு ஆத்தை முறையாகி "இறங்கடா கீழை" என்கிற தோரணையில் நிற்கிறார். எங்கள் ஊர்க் கோயில்களில் ஒலிபெருக்கிக் குழாய் வந்த நாளிலிருந்து விடியக்காலமை முதலில் எழும்பியது இந்தக் குரல்தான். மருதமரத்தில் கட்டிய குழாயிலிருந்து குளக்கட்டைத் தாண்டி, வயலைத் தாண்டி, அங்காலைக் குடியேற்றத் திட்டம் வரைக்கும் போகும். மற்றப் பாடகிகளின் ரெக்கோட் போட்டால் கோயில்காரர் சத்தத்தைக் கூட்டுவார்கள். இவருக்குக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் குழாய் கிழிகிற மாதிரி கரகரக்கும். மைக் இல்லாத கொட்டகைக்குச் செய்த தொண்டையை மைக்குக்குள் அடைக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

1973 இல் காரைக்கால் அம்மையார். புனிதவதியாக இளமையில் வந்தவர் லட்சுமி; பேயுருவான அம்மையாராக வந்தவர் சுந்தராம்பாள். புருசனே காலில் விழுந்து கும்பிட்டு ஓடிப்போன பொம்பிளை அம்மையார். அந்த வரிசையில் இதைவிடப் பொருத்தமான வேடம் இனி இருக்கமுடியாது. நந்தன், மணிமேகலை, ஔவை, கவுந்தி, காரைக்கால் பேய். தமிழ் மரபில் ஒரு பெண் யாருக்கும் பதில் சொல்லாமல் வாய்விட்டுப் பாடக்கூடிய இடங்கள் இவ்வளவுதான்: ஆம்பிளையாகவேண்டும், துறவியாகவேண்டும், கிழவியாகவேண்டும், அல்லது பேயாகவேண்டும். மனுசி நாலையும் எடுத்தார். நாலுக்கும் சம்பளம் வாங்கினார். எங்கள் அண்ணாவியாருக்கு விடை தெரியாமல் இருந்த கேள்விக்கு, மாப்பிள்ளையைப் பாத்திரப் பட்டியலிலிருந்தே வெட்டிவிட்டால் சரி என்று செய்து காட்டினார்.

1980 இல் கண்ணை மூடினார். பட்டங்களைப் பற்றிச் சொல்லப்போனால் பத்மஸ்ரீ, இசைப் பேரறிஞர் என்று நீளும். அதில் எனக்குப் பிடித்தது இந்திய அரசின் தேசிய விருதுதான். சிறந்த பின்னணிப் பாடகிக்கு என்று ஒரு விருதைப் புதிதாக ஏற்படுத்தி, 1968 ஆம் ஆண்டுக்குப் பி.சுசீலாவுக்குக் கொடுத்தார்கள். அவர் நியாயமான பின்னணிப் பாடகி; எத்தனையோ நடிகைகளின் வாயசைவுக்குப் பாடியவர். அடுத்த ஆண்டுக்கு, துணைவன் படத்துக்காகச் சுந்தராம்பாளுக்குக் கொடுத்தார்கள். ரயில் பெட்டியிலும் சரி, கொழும்புக் கொட்டகையிலும் சரி, காங்கிரஸ் மேடையிலும் சரி, படத்திலும் சரி, முன்னால் வந்து நின்று தன் வாயாலேயே பாடிப் பேரெடுத்த மனுசி அவர். அறுபதைத் தாண்டிய வயதில் அவருக்குச் சிறந்த பின்னணிக்காரி என்று டில்லி பட்டம் கொடுத்தது. வாங்கிக்கொண்டார். அதுக்கு லட்சம் ஒன்றும் கேட்கவில்லை.